ஒரே 1.2, இரண்டு சிறுநீரகக் கதைகள்

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒன்று அம்மாவுடையது, வயது 70. இன்னொன்று அக்கா மகனுடையது. வயது 25, வேலையில் சேர்வதற்காக எடுத்தது. இரண்டிலும் ‘சீரம் கிரியாட்டினின்’ என்ற வரிக்கு நேரே ஒரே எண்: 1.2. பக்கத்தில் ‘இயல்பு அளவு 0.6 – 1.3’ என்று அச்சாகியிருந்தது. தடித்த எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “பேரனுக்கும் எனக்கும் ஒரே அளவு பார்” என்று சந்தோஷப்பட்டார்.

அந்த இரண்டு 1.2-ம் ஒன்றல்ல. அவனுடைய சிறுநீரகங்கள் நன்றாக வேலை செய்கின்றன. அம்மாவுடையவை அவன் அளவில் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஒரே எண் எப்படி இரண்டு செய்தி சொல்லும்? இது புரிந்துவிட்டால் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் தாளையும் நீங்களே எடுத்துப் படித்துவிடலாம்.

முதலில், சிறுநீரகம் எங்கே இருக்கிறது? முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. மூடிய கை முஷ்டி அளவு. இடுப்பு பிடித்துக்கொண்டாலே ‘கிட்னியாக இருக்குமோ’ என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது தசையின் வலியோ எலும்பின் வலியோதான். கல் அடைத்தால் துடிக்க வைக்கும், உண்மை. ஆனால் சிறுநீரகம் வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பழுதாகும்போது வலிப்பதே இல்லை. அதனால்தான் ரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படி என்ன பெரிய வேலை செய்கிறது? இரண்டையும் சேர்த்து நிறுத்தால் 300 கிராம் அளவுதான் வரும். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல்.

சிறுநீரகம் ஒரு வடிகட்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மை. மீதியைப் புரிந்துகொள்ள போகிப் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டுச் சாமான் முழுவதையும் வாசலில் கொண்டுவந்து வைக்கிறோம். வெள்ளையடித்து முடித்ததும் அண்டா, குடம், சாமி படம் என்று வேண்டியதை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கிறோம். கிழிந்த பாயும் உடைந்த முறமும் வெளியிலேயே நின்றுவிடும். சிறுநீரகம் இதைத்தான் நாள் முழுவதும் செய்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிப்பான்கள் (நெஃப்ரான்கள்) இருக்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும் (குளோமெருலஸ்). ரத்த அணுக்களும் புரதமும் பெரியவை. அவை அந்தக் கண்டுக்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் வெளியே கசியும். இப்படிக் கசிவது ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். பெரிய தண்ணீர் கேன் ஒன்பது! பிறகு, கண்டிலிருந்து நீளும் மெல்லிய குழாய் அதில் நூற்றுக்கு 99 பங்கைத் திரும்ப ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியேறுகிறது.

ஏன் இவ்வளவு சுற்றுவழி, குப்பையை மட்டும் வெளியே தள்ளினால் ஆகாதா என்று கேட்கலாம். இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எது குப்பை என்று சிறுநீரகம் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டாம். எது நம்முடையது என்று தெரிந்தால் போதும். போன வருடம் கண்டுபிடித்த மாத்திரையின் எச்சமாக இருந்தாலும், உள்ளே எடுத்து வைக்க ஆள் இல்லையென்றால் வெளியேதான் போகும். ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை வருவதும் இதனால்தான். உள்ளே எடுத்து வைக்கும் கைகள் போதாமல் போய்விடுகின்றன.

சிறுநீர் பிரிப்பது மட்டும்தான் வேலை என்றும் நினைக்க வேண்டாம். ரத்த அழுத்தத்தைச் சரிசெய்வது, எலும்பு மஜ்ஜையை ரத்த அணு உண்டாக்கத் தூண்டும் சுரப்பை அனுப்புவது, வைட்டமின் டி-யை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவது, ரத்தத்தில் பொட்டாசியத்தையும் அமிலத்தையும் அளவோடு வைத்திருப்பது எல்லாம் இங்கேதான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தசோகையும் ரத்தக்கொதிப்பும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்கு இதுவே விடை. சிறுநீர் தாராளமாகப் போகிறது, அதனால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்வதும் சரியல்ல. தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கழிவு உள்ளே தேங்கிக்கொண்டும் இருக்கலாம்.

சரி, இதன் வேலையை எப்படி அளக்கிறார்கள்? அளக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த நூல்கண்டுகள் எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிக்கின்றன? இதற்கு வடிவேகம் (ஜி.எஃப்.ஆர்.) என்று பெயர். நல்ல ஆரோக்கியமான இளைஞருக்கு 100 முதல் 120 வரை இருக்கும். ஆனால் 20 லட்சம் வடிப்பான்களுக்கு அடியில் யாரும் குவளை வைத்துப் பிடிக்க முடியாது. எனவே சுற்றிவளைத்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

தெருமுனைக் குப்பைத் தொட்டியை வைத்துப் பாருங்கள். தெருவில் வீடுகள் மாறவில்லை; தினமும் ஏறக்குறைய ஒரே அளவு குப்பை விழுகிறது. குப்பை வண்டி ஒழுங்காக வந்தால் தொட்டியில் மட்டம் ஒரே அளவில் நிற்கும். வண்டி பாதி நாள்தான் வருகிறது என்றால் மட்டம் ஏறும். வண்டியை நீங்கள் பார்க்கவே வேண்டாம், தொட்டியை எட்டிப் பார்த்தால் போதும்.

கிரியாட்டினின் அந்தக் குப்பை. நம் தசைகளில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகும் கழிவு அது. உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. வடிப்பானில் தடையில்லாமல் கசியும். திரும்ப உள்ளே எடுக்கப்படுவதும் இல்லை. 1886-இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மன் அறிஞர், காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்தால் மஞ்சள் கரைசல் செம்மஞ்சளாக மாறுவதைக் கண்டார். நிறம் எவ்வளவு அடர்கிறதோ அவ்வளவு கிரியாட்டினின். இன்றைக்கும் பல பரிசோதனைக் கூடங்களின் இயந்திரங்கள் அந்த நிறத்தைத்தான் அளக்கின்றன. உங்கள் தாளில் இருக்கும் 1.2, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், இருக்கும் மில்லிகிராம் கணக்கு. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ எடுத்திருந்தால் அதே அளவு 106 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது மைக்ரோமோல் கணக்கு. 88.4-ஆல் வகுத்தால் நம் ஊர் எண் வந்துவிடும்.

இப்போது அம்மாவின் தாளுக்கு வருவோம். தொட்டி மட்டம் வண்டியை மட்டும் பொறுத்ததல்ல, தெருவில் எத்தனை வீடு என்பதையும் பொறுத்தது. 25 வயது ஆணுக்குத் தசை அதிகம். குப்பை அதிகம் விழுகிறது. அப்படியிருந்தும் மட்டம் 1.2-இல் நிற்கிறது என்றால் வண்டி ஓடி ஓடி அள்ளுகிறது. 70 வயதுப் பெண்ணின் உடலில் தசை கரைந்திருக்கும். பாதி வீடுகள் காலியான தெரு. அங்கேயும் மட்டம் 1.2 என்றால் வண்டி தாமதமாகத்தான் வருகிறது.

இதனால்தான் மருத்துவர்கள் கிரியாட்டினினை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு வடிவேகத்தை மதிப்பிடுகிறார்கள் (இ.ஜி.எஃப்.ஆர்.). இப்போது பரவலாக இருப்பது 2021-இல் திருத்திய சூத்திரம். அதில் போட்டால் அக்கா மகனுக்கு 86, அம்மாவுக்கு 49. உங்கள் தாளில் இந்த எண் இல்லையென்றால் பரிசோதனைக் கூடத்தில் கேளுங்கள். மருத்துவர் கைபேசியிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். புது ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? 90-க்கு மேல் இயல்பு. 60 முதல் 89 வரை லேசான குறைவு. சிறுநீரில் புரதம் போன்ற வேறு கோளாறு இல்லாவிட்டால் இதை நோய் என்று சொல்வதில்லை. 60-க்குக் கீழே போய் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே சிறுநீரக நிபுணரின் கண்காணிப்பு தேவை. 15-க்குக் கீழே டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு வரும். அம்மா போன்றவர்களுக்கு ஒரு ஆறுதல்: நாற்பது வயதுக்கு மேல் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி குறைவது பலருக்கும் நடப்பதுதான். 49-இல் இருக்கும் பெரும்பாலான முதியவர்களுக்கு டயாலிசிஸ் தேவைப்படுவதே இல்லை.

இனி நான் சொல்லப்போவதை ஒரு நிமிடம் நிறுத்திப் படியுங்கள். 45 வயது ஆண் ஒருவர். சில வருடங்களுக்கு முன் கிரியாட்டினின் 0.8, இப்போது 1.3. இரண்டு தாளிலும் ‘இயல்பு’ என்றுதான் அச்சாகியிருக்கும். ஆனால் 45 வயதுக்குச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 0.8-க்கு 111, 1.3-க்கு 69. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, தாளில் ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை. தொடக்கத்தில் வடிவேகம் எவ்வளவோ சரிந்தாலும் கிரியாட்டினின் கொஞ்சம்தான் ஏறும்; கடைசிக் கட்டத்தில்தான் தாவி ஏறும். அதனால் பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒற்றைத் தாளைவிட, பக்கத்தில் பழைய தாள் இருந்தால் மருத்துவருக்குத் தெரிவது பல மடங்கு.

ஒரு முறை எண் கூடியிருந்தால் உடனே கலங்க வேண்டுமா? வேண்டாம். முந்தின இரவு மட்டன் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் கிரியாட்டினின் ஏறும். ஜிம்முக்குப் போகும் பையன் கிரியாட்டின் பொடி கலக்கிக் குடித்தாலும் ஏறும். வாந்தி, பேதி, காய்ச்சலில் உடல் வறண்டிருந்தாலும் ஏறும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார் என்று சொல்வது இதற்காகத்தான். ஆனால் சில நாட்களுக்குள்ளேயே 1-இலிருந்து 2, 3 என்று ஏறினால் அது வேறு கதை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிலருக்கு இந்தச் சூத்திரமே தவறும். கால் எடுக்கப்பட்டவர், நெடுநாள் படுக்கையில் இருப்பவர், உடம்பை முறுக்கேற்றியவர்: இவர்களுக்குத் தசைக் கணக்கே வேறு. அவர்களுக்குத் தசையை அதிகம் சாராத சிஸ்டாடின்-சி என்ற இன்னொரு பொருளை ரத்தத்தில் பார்ப்பார்கள். சிறுநீரகத் தானம் செய்ய வருபவருக்கு மருந்தை ஊசியில் ஏற்றி, அது வெளியேறும் வேகத்தை நேராகவே அளப்பதுண்டு (டி.டி.பி.ஏ. ஸ்கேன்).

24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துவரச் சொன்னால்? இதில்தான் அதிகப் பேர் தவறுகிறார்கள். காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் சிறுநீரைக் கேனில் ஊற்றாதீர்கள். அது நேற்றைய கணக்கு. அதற்குப் பிறகு போவதெல்லாம் ஒரு சொட்டு விடாமல் கேனுக்கு. மறுநாள் காலை 6 மணிக்குப் போவதையும் ஊற்றிவிட்டு மூட வேண்டும். கணக்கு எளிது. 1,440 மில்லி சேர்ந்தால் நிமிடத்துக்கு 1 மில்லி. அதில் கிரியாட்டினின் ரத்தத்தில் இருப்பதைவிட 100 மடங்கு அடர்த்தியாக இருந்தால், நிமிடத்துக்கு 100 மில்லி ரத்தநீர் சுத்தமாகியிருக்கிறது. நடுவில் ஒருமுறை கேனில் பிடிக்க மறந்தாலும் நல்ல சிறுநீரகம் கெட்டதுபோலத் தெரியும்.

யூரியா என்று ஒரு வரியும் இருக்குமே? அது புரதச் சாப்பாடு, உடல் வறட்சி, குடலில் ரத்தக்கசிவு என்று பலவற்றுக்கு ஆடும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

ரத்தத்தைவிட முன்னதாகவே சேதி சொல்வது சிறுநீர். நூல்கண்டுகள் சேதமாகத் தொடங்கும்போது, உள்ளே தங்கியிருக்க வேண்டிய புரதம் (ஆல்புமின்) மெல்லக் கசியும். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடங்கள் முன்னாலேயே இது நடக்கலாம். சாதாரணக் குச்சிச் சோதனை இந்தச் சிறு கசிவைத் தவறவிட்டுவிடும். ‘ஆல்புமின் – கிரியாட்டினின் விகிதம்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காலைச் சிறுநீர் கொஞ்சம் கொடுத்தால் போதும். 30-க்குக் கீழே நல்லது. 30 முதல் 300 எச்சரிக்கை. அதற்கு மேல் கசிவு அதிகம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு சமயத்தில் கொடுக்க வேண்டாம். எண் பொய் சொல்லும். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருப்பவர்கள் வருடம் ஒருமுறை கிரியாட்டினினோடு இதையும் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் இந்த இரண்டும்தான் முன்னணி. மாதாமாதம் சர்க்கரை பார்ப்பவர்கள்கூட இந்தச் சிறுநீர்ச் சோதனையை ஒருமுறையும் செய்யாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

எண் குறைவு என்று தெரிந்தபின் என்ன மாறும்? எங்கள் வீட்டில் முதலில் மாறியது அம்மாவின் முட்டிவலி மாத்திரை. தெருமுனை மருந்துக்கடையில் பட்டையாக வாங்கி, வலிக்கும்போதெல்லாம் ஒன்று போட்டுக்கொள்வார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாயின் வாயைச் சுருக்குகின்றன. வடிவேகம் ஏற்கெனவே குறைந்தவருக்கு, அதுவும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து போகும்போது, இது பெரிய அடி. பாராசிட்டமால் அளவோடு எடுத்தால் இவர்களுக்குப் பாதுகாப்பானது. மேலே தடவும் மருந்தும் ஒத்தடமும் இருக்கின்றன.

வேறு நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும் ‘என் இ.ஜி.எஃப்.ஆர். இவ்வளவு’ என்று சொல்லிவிடுங்கள். பல மருந்துகளின் அளவை அதை வைத்துக் குறைப்பார்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். சாய மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கும் முன் கிரியாட்டினின் கேட்பதும் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளத்தான்.

ரத்தக்கொதிப்புக்கு ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் வகை மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவை நூல்கண்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காப்பாற்றுபவை. 30 சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் எதிர்பார்த்தே கொடுக்கிறார்கள். அதற்கு மேல் போனால், அல்லது பொட்டாசியம் ஏறினால், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகுமா? ஆகாது. கல் உள்ளவர்கள் நிறையக் குடிக்க வேண்டும், உண்மை. வெயிலில் நாள் முழுக்க வேலை செய்பவர்கள் கட்டாயம் குடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப உடல் வறள்வது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மற்றவர்களுக்குத் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். கால் வீங்கியிருக்கும் சிறுநீரக நோயாளிக்கு அதிகத் தண்ணீர் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

இளநீர்? அதில் பொட்டாசியம் நிறைய. அம்மாவைப் போல 49-இல், பொட்டாசியம் சரியாக இருப்பவர் பயப்பட வேண்டாம். வடிவேகம் 30-க்குக் கீழே போனவரும் டயாலிசிஸில் இருப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரோ, ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்போ தொடக் கூடாது. அந்த உப்பில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது. ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்தும். இந்துப்பு நல்லது என்று மாற்றிக்கொண்டவர்களும் ஏராளம். அதுவும் பெரும்பாலும் சோடியம் உப்புதான், அளவு குறைந்தால்தான் பயன்.

‘கிரியாட்டினின் இறங்கும்’ என்று யாராவது சூரணமோ சாறோ தந்தால்? மூலிகைதானே என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க் கரையோரங்களில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது, புற்றுநோயும் தரக்கூடியது. ஆடே வாய் வைக்காது என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் இரும்பன் புளிக் காயைச் சாறு பிழிந்து குடித்து, அதன் ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. ஊறுகாயில் ஒரு துண்டு தொட்டுக்கொள்வதும் டம்ளர் கணக்கில் சாறு குடிப்பதும் ஒன்றல்ல.

அம்மா வலி மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். கிரியாட்டினின் 1.1, இ.ஜி.எஃப்.ஆர். 54. சிறுநீர் ஆல்புமின் விகிதம் 18. இன்னும் 60-க்குக் கீழேதான். ஆனால் கசிவு இல்லை, சரிவும் இல்லை. ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார் மருத்துவர். அம்மாவின் ஃபைல் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் நான்கு பத்தி கோடு போட்டேன்: தேதி, கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., ஆல்புமின். இரண்டு வரி நிரம்பியிருக்கிறது. முதல் வரியில் ஆல்புமின் இடம் காலி. மூன்றாவது வரியில் தேதியை மட்டும் அம்மாவே எழுதி வைத்திருக்கிறார்.